ஊர் இரண்டுபட்டபோது

“ஊர் இரண்டுபட்டாற் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்” என்பது நம் பழமொழி. பிளவினால் வரும் பயன் பிளவுபட்டோர்க்கன்று, வேடிக்கை காட்டிப் பிழைப்போர்க்கே என்பது அதன் கருத்து. தேர்தற் காலந்தோறும் இப்பழமொழியை எடுத்தாள்வோர் பலர். போட்டியின்றி ஒரு நல்லவரைத் தெரிந்துவிட்டால் நாட்டுக்கு நலமன்றோ என்று கேட்கும் பெரியோரும் உளர். கற்றறிந்தோரிடையே இவ்வெண்ணம் சற்று மிகுதியாகவே நிலவுகிறது எனலாம். இஃது எவ்வளவு தூரம் பொருந்தும் என்று அறிய விரும்புவோர் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதல் ஐம்பது ஆண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும். அங்கும் ஊர் இரண்டுபட்டது. ஆனால் அங்கே கொண்டாடப்பட்டவன் கூத்தாடியல்லன்; அதுவரை எவரும் ஏறெடுத்துப் பாராத சாதாரண வாக்காளன். அந்தக் கொண்டாட்டம் நடந்தபோதே வேறு சிலர் வாயிலில் நிறுத்தப்பட்டு வெளியே தள்ளப்பட்டனர் என்பதும் அதே வரலாறு கூறும் செய்தி. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் கூறி மற்றையதை மறைப்பது வரலாறாகாது. ஆதலின் இரண்டையும் சேர்த்து நோக்குவோம்.

போட்டியற்ற தேர்தல்

1787 இல் பிலடெல்பியா நகரிற் கூடி அரசியல் யாப்பை வகுத்தவர்கள் கட்சிகளை விரும்பினாரல்லர். கட்சி என்பது குடியரசை அரிக்கும் நோய் என்றே அவருட் பலர் எண்ணினர். ஆதலாற் சனாதிபதியை மக்கள் நேரே தெரியாதவாறு ஒரு முறையை அமைத்தனர். ஒவ்வொரு மாநிலமும் தனக்கென விதிக்கப்பட்ட தொகையான தேர்வாளரை நியமிக்கும். அவர்களை எவ்வாறு நியமிப்பது என்பதை அம்மாநிலச் சட்டசபையே தீர்மானிக்கும். தேர்வாளர் ஒவ்வொருவரும் இருவருக்கு வாக்களிப்பர். தேர்வாளர் தொகையிற் பாதிக்கு மேற்பட்ட வாக்குப் பெற்று முதலில் நிற்பவர் சனாதிபதி; அடுத்து நிற்பவர் உப சனாதிபதி. அறிவுடையோர் சிலர் அமைதியாக இருந்து நாட்டிற் சிறந்த இருவரைப் பொறுக்கி எடுப்பர் என்பதே அவர்தம் எதிர்பார்ப்பு.

முதலிரு தேர்தல்களில் அவ்வெதிர்பார்ப்புக் குறைவின்றி நிறைவேறியது. 1789 இல் வாக்களித்த 69 தேர்வாளரும் ஒருமுகமாக ஜோர்ஜ் வாஷிங்டனைத் தெரிந்தனர். 1792 இல் 132 பேரும் அவ்வாறே செய்தனர். இதனினும் மேலான ஒற்றுமை எங்குண்டு? ஆயின் மக்கள் எங்கே நின்றனர்? 1790 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அந்நாட்டின் மக்கட்டொகை ஏறத்தாழ 39 இலட்சம். முதற் சனாதிபதித் தேர்தலிலே தேர்வாளரைத் தெரிவதற்கு வாக்களித்தோர் சுமார் 40,000 பேரே. நூறு பேருக்கு ஒருவர் என்ற கணக்கு. சில மாநிலங்களில் மக்களை எவரும் கேட்கவேயில்லை. சட்டசபையே தேர்வாளரை நியமித்துவிட்டது. கேட்ட மாநிலங்களிலும் பெரும்பாலும் சொத்துடைய ஆடவர்க்கே வாக்குரிமை இருந்தது. அவ்வுரிமை பெற்றவருள்ளும் பலர் வீட்டிலேயே இருந்துவிட்டனர். முடிவு முன்னரே தெரிந்திருக்க, வேலையை விட்டுக் குதிரையேறி வாக்களிக்கப் போவானேன்?

ஒற்றுமை என்று நாம் போற்றுவது சிலவேளைகளில் வெறும் வாளாமை என்பதை இத்தேர்தல்கள் காட்டுகின்றன.

இருவேறு நோக்குகள்

வாஷிங்டனின் அமைச்சரவைக்குள்ளேயே பிளவு தோன்றிவிட்டது. திறைசேரியை நடத்திய அலெக்சாந்தர் ஹமில்டன் தேசிய வங்கியையும் வலிய மத்திய அரசையும் விரும்பினார். வெளிநாட்டு அலுவல்களை நடத்திய தொமஸ் ஜெபர்சன் உழவரையும் மாநில உரிமைகளையும் பற்றி நின்றார். பிரான்சும் பிரித்தானியாவும் போர் தொடங்கவே, யார் பக்கம் சார்வது என்ற வினா பிளவை ஆழமாக்கியது. ஹமில்டன் வழி நின்றோர் கூட்டாட்சிக் கட்சியினர் எனவும், ஜெபர்சன் வழி நின்றோர் குடியரசுக் கட்சியினர் எனவும் பெயர் பெற்றனர். இக்குடியரசுக் கட்சி இன்று அப்பெயரோடு விளங்கும் கட்சியன்று என்பதை மாணவர் நினைவிற் கொள்க.

1796 இல் நடந்த தேர்தலில் கூட்டாட்சிக் கட்சியைச் சேர்ந்த ஜோன் அடம்ஸ் 71 வாக்குகளும் ஜெபர்சன் 68 வாக்குகளும் பெற்றனர். ஒரு கட்சியின் தலைவர் சனாதிபதி. எதிர்க்கட்சியின் தலைவர் உப சனாதிபதி! அத்தேர்தலிலே பென்சில்வேனியாவில் ஒரு சுவையான நிகழ்ச்சி நடந்தது. கூட்டாட்சிக் கட்சியின் பெயராலே தேர்வாளராகிய சாமுவேல் மைல்ஸ் என்பார் ஜெபர்சனுக்கும் வாக்களித்துவிட்டார். அவரைத் தெரிந்தது தமக்காகச் சிந்திப்பதற்கன்று, தாம் கருதியதைச் செய்வதற்கே என்ற பொருள்பட ஒரு வாக்காளர் பத்திரிகையிற் சினந்து எழுதினார். யாப்பை வகுத்தோர் கண்ட கனவு அந்த ஒரு கடிதத்தோடு கலைந்தது. தேர்வாளர் ஞானியாயிருக்க வேண்டியதில்லை, தூதனாயிருந்தாற் போதும் என்று மக்கள் கூறத் தொடங்கினர்.

எதிர்க்கட்சியின் பேச்சை அடக்கக் கருதிய கூட்டாட்சிக் கட்சியினர் 1798 இல் அரச நிந்தைச் சட்டத்தை இயற்றினர். அதன் கீழ் முதன்முதல் தண்டிக்கப்பட்டவர்களுள் ஒருவர் வெர்மொண்ட் மாநிலத்துக் காங்கிரஸ் உறுப்பினரான மத்தியூ லயன். அயர்லாந்திற் பிறந்து, ஒப்பந்தக் கூலியாக இளமையில் அமெரிக்காவுக்கு வந்தவர் அவர். அடம்ஸைக் குறைகூறி எழுதிய குற்றத்துக்காக நான்கு மாதச் சிறையும் 1,000 டொலர் தண்டமும் பெற்றார். சிறையில் இருந்தபடியே மீண்டும் தேர்தலில் நின்றார். வெர்மொண்ட் வாக்காளர் அவரைப் பெரும்பான்மையாகத் தெரிந்தனுப்பினர். வாயை மூட வந்த சட்டம் வாக்காளனின் வாயைத் திறந்துவிட்டது. லயனை மறவாதீர்கள், அவரை மீண்டும் சந்திப்போம்.

1800 ஆம் ஆண்டின் சோதனை

அடுத்த தேர்தலுக்கு இரு கட்சியினரும் செய்த ஆயத்தங்களைக் காணும்போது, சூழ்ச்சி என்பது நம் காலத்துக் கண்டுபிடிப்பன்று என்பது தெளிவாகும். 1796 இல் வேர்ஜீனியாவின் ஒரு தேர்வாளர் வாக்கு அடம்ஸுக்குப் போய்விட்டது. அது மீண்டும் நிகழாதவாறு, தொகுதி தொகுதியாகத் தெரியும் முறையை விட்டு மாநிலம் முழுவதும் ஒரே பட்டியலாகத் தெரியும் முறையை ஜெபர்சன் கட்சியார் அங்கே ஏற்படுத்தினர். மசச்சூசெற்ஸில் அடம்ஸ் கட்சியார் மக்களிடமிருந்த தேர்வையே பறித்துச் சட்டசபையிடம் ஒப்படைத்தனர். அவ்வாண்டு இருந்த 16 மாநிலங்களில் ஐந்திலேயே மக்கள் வாக்கினால் தேர்வாளர் தெரியப்பட்டனர்.

நியூயோர்க்கில் நடந்தது இவற்றினும் குறிப்பிடத்தக்கது. அங்கே தேர்வாளரை நியமிப்பது சட்டசபை; ஆகவே சட்டசபையை வென்றவர் யாவற்றையும் வென்றவராவர். ஜெபர்சன் கட்சியின் ஆரன் பர் நகர வாக்காளரின் பெயர்களை நிரைப்படுத்தி, இன்னார் இன்ன நிலையினர் என்று குறித்து, வீதி வீதியாக ஆட்களை அனுப்பினார். 1800 ஆம் ஆண்டு வேனிலில் அவர் கட்சி வென்றது. தோல்வியால் நிலைகலங்கிய ஹமில்டன், மாநில ஆளுநர் ஜோன் ஜே அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். பதவிக்காலம் முடியாத பழைய சட்டசபையை உடனே கூட்டித் தேர்தல் முறையை மாற்றிவிட வேண்டும் என்பதே அவர் வேண்டுகோள். ஜேயும் அதே கட்சியினர். எனினும் அவர் இணங்கவில்லை. கட்சி நலங் கருதிய இத்தகைய செயல் தமக்கு ஏற்றதன்று என்று அக்கடிதத்திலேயே குறித்து வைத்துவிட்டார். வென்றவர்களின் பெயர்களையே வரலாறு பெரிதாக எழுதும். தோற்கத் துணிந்த இந்த ஒருவரின் பெயரும் பெரிதாக எழுதப்பட வேண்டியதே.

தேர்வாளர் வாக்குகள் எண்ணப்பட்டபோது அடம்ஸ் 65 பெற்றுத் தோற்றார். ஆனால் வென்றவர் யார்? ஜெபர்சனுக்கு 73, அவரோடு உப சனாதிபதியாகக் கருதி நிறுத்தப்பட்ட பருக்கும் 73. ஒவ்வொரு தேர்வாளரும் இரு வாக்குகளை வேறுபாடின்றி அளிக்கும் விதியால் வந்த வினை இது. பர் ஒதுங்கி நிற்கவில்லை. முடிவு பிரதிநிதிகள் சபைக்குச் சென்றது. அங்கே மாநிலத்துக்கு ஒரு வாக்கு. வெல்வதற்கு ஒன்பது மாநிலங்கள் வேண்டும். அச்சபையிலோ தோற்ற கட்சியினர் இன்னும் அமர்ந்திருந்தனர்.

1801 பெப்ரவரி 11 ஆம் நாள், பனி பொழியும் வாஷிங்டன் நகரில், வாக்கெடுப்புத் தொடங்கியது. ஜெபர்சனுக்கு எட்டு மாநிலங்கள், பருக்கு ஆறு. வெர்மொண்டும் மேரிலாந்தும் தமக்குட் பாதிபாதியாகப் பிரிந்து வாக்கிழந்தன. மேரிலாந்தின் ஜோசப் நிக்கல்சன் கடுங்காய்ச்சலோடு பனியிற் சுமந்து வரப்பட்டு, பக்கத்து அறையிற் படுக்கையிற் கிடந்தவாறே வாக்களித்தார். அவர் வராதிருந்தால் அம்மாநிலம் பர் பக்கம் சாய்ந்திருக்கும். 35 முறை வாக்கெடுத்தும் முடிவில்லை. சூழ்ச்சியால் ஆட்சி பறிக்கப்படுமாயின் ஆயுதந் தாங்குவோம் என்ற பேச்சு வேர்ஜீனியாவிலும் பென்சில்வேனியாவிலும் எழுந்தது. ஈற்றில் டெலவெயர் மாநிலத்தின் ஒரே உறுப்பினரான ஜேம்ஸ் பேயார்ட் தம் கட்சியின் பிடிவாதம் நாட்டையே உடைத்துவிடும் என்று கண்டு வழிவிட்டார். பெப்ரவரி 17 இல், 36 ஆவது வாக்கெடுப்பில், பத்து மாநிலங்கள் ஜெபர்சனைத் தெரிந்தன. அவ்வேளை வெர்மொண்டின் கூட்டாட்சிக் கட்சி உறுப்பினர் விலகி நிற்க, அம்மாநிலத்தின் வாக்கைத் தனியொருவராக அளித்தவர் யார்? அடம்ஸின் ஆட்சியிற் சிறையிலிருந்த அதே மத்தியூ லயன்!

மார்ச் 4 ஆம் நாள் விடியுமுன்னரே அடம்ஸ் நகரை விட்டுச் சென்றார். புதியவர் பதவியேற்பதைக் காண அவர் மனம் ஒப்பவில்லை. ஆயினும் சென்றார்; ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. 1804 இல் நிறைவேறிய பன்னிரண்டாவது யாப்புத் திருத்தம் சனாதிபதிக்கும் உப சனாதிபதிக்கும் தனித்தனி வாக்கு என்று விதித்துப் பழைய குழப்பத்தை நீக்கியது.

எண்ணிக்கை கூறும் கதை

இப்போட்டியினால் மக்களுக்கு விளைந்ததென்ன? சாதாரண மக்கள் வாக்குச்சாவடிக்குத் திரளாக வந்தது 1828 இல் அன்ட்ரூ ஜாக்சன் வென்றபோதுதான் என்று பாடநூல்கள் நெடுங்காலம் கூறி வந்தன. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் மக்கோர்மிக் 1960 இல் வெளியிட்ட கட்டுரையொன்று அக்கூற்றை அசைத்தது. ஜாக்சனுக்கு முன்னரே பல மாநிலங்களின் ஆளுநர், சட்டசபைத் தேர்தல்களில் 1828 ஐ விஞ்சும் வீதத்தில் மக்கள் வாக்களித்திருந்தனர் என்பதை அவர் எண்ணிக் காட்டினார். வெர்மொண்டில் 1812 இலும் நியூஹாம்ப்ஷயரில் 1814 இலும் வளர்ந்த வெள்ளை ஆடவருள் நூற்றுக்கு 80 வீதத்தை அண்மியோர் வாக்களித்தனர். பின்னர் பிலிப் லாம்பி என்பார், இளமையிலே தொடங்கிப் பல பத்தாண்டுகளாக, பழம் பத்திரிகைகளிலும் கையெழுத்துப் பதிவேடுகளிலும் சிதறிக் கிடந்த தேர்தல் முடிவுகளைத் தம் கையாலேயே படியெடுத்துத் திரட்டினார். மசச்சூசெற்ஸிலுள்ள அமெரிக்கத் தொல்பொருட் கழகத்திற் பேணப்படும் அத்தொகுப்பு இன்று யாவரும் காணக் கிடைக்கிறது. அதுவும் இவ்வுண்மையையே வலியுறுத்துகிறது.

ஏன் வந்தனர்? சொத்துத் தகைமை தளர்ந்தது ஒரு காரணம். ஆனால் அதுவே முழுக் காரணமன்று. எங்கே இரு கட்சிகளும் ஏறக்குறையச் சமவலியோடு மோதினவோ, அங்கே மக்கள் வந்தனர்; எங்கே ஒரு கட்சி தளர்ந்து வீழ்ந்ததோ, அங்கே மக்களும் வீடு திரும்பினர். 1820 இல் மொன்றோ எதிரியின்றி நின்றார். 232 தேர்வாளர் வாக்குகளில் 231 அவருக்கே கிடைத்தன. “நல்லெண்ணக் காலம்” என்று அதைப் புகழ்வர். அந்த நல்லெண்ணத் தேர்தலில் வாக்களிக்கச் சென்றோர் மிகச் சிலர். 1824 இல் நால்வர் போட்டியிட்டனர். தேர்வாளர் வாக்கிலும் மக்கள் வாக்கிலும் ஜாக்சன் முன்னின்றும் பாதியைத் தாண்டவில்லை. பிரதிநிதிகள் சபை ஜோன் குவின்சி அடம்ஸைத் தெரிந்தது. அவருக்கு ஆதரவு திரட்டிய ஹென்றி கிளே வெளிநாட்டு அலுவல்களின் அமைச்சரானார். இது பேரம் என்று ஜாக்சன் கட்சியார் நான்கு ஆண்டுகள் ஊரூராக முழங்கினர். 1824 இல் மூன்றரை இலட்சமளவில் இருந்த வாக்குகள் 1828 இல் பதினொரு இலட்சத்தைக் கடந்தன. ஆறு மாநிலங்களிற் சட்டசபையிடமிருந்த தேர்வுரிமை இரண்டில் மட்டுமே எஞ்சியது. 1840 இல் 24 இலட்சம் பேர் வாக்களித்தனர். அது வாக்குரிமை பெற்றோருள் நூற்றுக்கு 80 வீதமளவாகும்.

அவ்வாண்டிற் கூத்தாடியும் வந்து சேர்ந்தான் என்பதை ஒளிப்பானேன்? மரக்குடிலும் ஆப்பிள் மதுவும் சின்னங்களாயின. பாட்டும் ஊர்வலமும் தெருக்களை நிறைத்தன. மரக்குடிலின் ஏழைத் தலைவராகக் காட்டப்பட்ட வில்லியம் ஹரிசன் உண்மையில் வேர்ஜீனியாவின் பெருந்தோட்ட மாளிகையிற் பிறந்தவர். பழமொழி முற்றிலும் பொய்யாகிவிடவில்லை. ஆயினும் கூத்தைக் காண வந்தவன் வாக்கையும் அளித்துச் சென்றான் என்பதே நாம் கருதத்தக்கது.

மூடப்பட்ட கதவுகள்

இனி மறுபக்கத்தைக் காண்போம். 1776 இல் நியூஜேர்சி வகுத்த யாப்பு, 50 பவுண் சொத்துடைய குடிகள் யாவரும் வாக்களிக்கலாம் என்றது. ஆண், பெண் என்று பிரிக்கவில்லை. கணவன் உள்ள பெண்ணுக்குத் தனிச்சொத்து இல்லாத காலமாகையால், கைம்பெண்களும் மணமாகாதவர்களும் வாக்களித்தனர். விடுதலை பெற்ற கறுப்பினத்தவரும் வாக்களித்தனர். பிலடெல்பியாவிலுள்ள அமெரிக்கப் புரட்சி அரும்பொருட்சாலையினர் அண்மை ஆண்டுகளிற் பழைய வாக்காளர் இடாப்புகளை ஆராய்ந்து, நூற்றுக்கு மேற்பட்ட பெண்களின் பெயர்களை அவற்றிற் கண்டெடுத்தனர். போட்டி முற்றியபோது இரு கட்சியினரும் அப்பெண்களைத் தேடிச் சென்று அழைத்தனர். 1807 இல் எசெக்ஸ் கோட்டத்தின் நீதிமன்றத்தை எவ்வூரிற் கட்டுவது என்ற வாக்கெடுப்பிற் பெரும் மோசடி நடந்தது. ஆடவர் பெண்ணுடை தரித்து மீண்டும் மீண்டும் வாக்களித்தனர் என்றும் கூறப்பட்டது. மோசடி செய்தோர் ஆடவர். தண்டனை பெற்றோரோ பெண்கள்! அவ்வாண்டே இயற்றிய சட்டம் வரி செலுத்தும் வெள்ளை ஆடவர்க்கு மட்டுமே வாக்கு என்றது. அதே சட்டம் வறிய வெள்ளையனுக்குக் கதவைத் திறந்தது. பெண்ணுக்கும் கறுப்பினத்தவனுக்கும் அடைத்தது. நியூஜேர்சிப் பெண்கள் மீண்டும் வாக்குரிமை பெற 1920 வரை காத்திருந்தனர்.

இது தற்செயலாக நிகழ்ந்ததன்று. 1821 இல் நியூயோர்க்கு வெள்ளையர்க்கு இருந்த சொத்துத் தடையை நீக்க வழி செய்தது; கறுப்பினத்தவர்க்கு மட்டும் 250 டொலர் பெறுமதியான நிலம் வேண்டும் என்று விதித்தது. அவர்கள் பெரும்பாலும் எதிர்க்கட்சிக்கு வாக்களித்து வந்தமை அதற்கொரு காரணம். 1838 இல் பென்சில்வேனியா தன் யாப்பில் “வெள்ளையர்” என்ற சொல்லைப் புகுத்தியது. மக்களின் தலைவர் எனப்பட்ட ஜாக்சன் 1830 இற் கையொப்பமிட்ட சட்டம், வாக்கற்ற செவ்விந்தியரை அவர்தம் நிலத்திலிருந்து பெயர்த்தது. 1800 இல் ஜெபர்சன் பெற்ற வெற்றியிலும் ஒரு நிழல் உண்டு. அடிமைகளில் ஐவரை மூவராக எண்ணித் தென் மாநிலங்களுக்கு மிகுதியான தேர்வாளரை அளித்த விதி இல்லையேல் அடம்ஸே வென்றிருப்பார் என்று வரலாற்றாசிரியர் கணக்கிட்டுக் காட்டுவர். அவ்வடிமைகள் எண்ணப்பட்டனர், ஆனால் வாக்களிக்கவில்லை.

நாம் கொள்ள வேண்டியது

இவற்றால் அறியக் கிடப்பது யாது? போட்டி மக்களை அழைத்து வரும். ஆனால் போட்டிக்குத் தானாக நீதி தெரியாது. தனக்குப் பயன்படுவோனைத் தோளிற் சுமந்து வரும். பயன்படாதவனை வாயிலில் நிறுத்தும். ஆகவே போட்டியை வெறுத்து ஒற்றுமையை வேண்டுவோரும் தவறுகின்றனர். வாக்குப் பெட்டி நிறைந்துவிட்டது, இனிக் குறையில்லை என்று மகிழ்வோரும் தவறுகின்றனர். போட்டி கடுமையாகவே இருக்கட்டும். எவர் வாக்களிக்கலாம், வாக்கை எவ்வாறு எண்ணுவது, தோற்றவர் எப்போது அகல்வது என்னும் மூன்று மட்டும் போட்டியாளர் கைக்கெட்டாத உயரத்தில் இருத்தல் வேண்டும்.

அம்மூன்றும் ஏட்டில் எழுதிவிட்டால் நிலைத்துவிடும் என்று எண்ணுவதும் பேதைமை. 1870 இல் நிறத்தை வைத்து வாக்குரிமையை மறுத்தலாகாது என்று யாப்பு விதித்தும், தெற்கில் அது உயிர்பெற 1965 ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வேண்டியிருந்தது. 2021 சனவரி 6 இல், தேர்வாளர் வாக்குகளை எண்ணக் கூடிய காங்கிரஸ் மன்றத்துள் ஒரு கும்பல் புகுந்து தாக்கியது. 220 ஆண்டுப் பழக்கமும் ஒரு பிற்பகலில் ஆட்டங் காணக்கூடும் என்பதை உலகம் அன்று கண்டது.

விதியைக் காப்பது விதியன்று, மனிதரே. தன் கட்சி தோற்குமென்று தெரிந்தும் கடிதத்தை ஒதுக்கி வைத்த ஜே, காய்ச்சலோடு பனியில் வந்த நிக்கல்சன், வழிவிட்ட பேயார்ட், மனங் கசந்தும் விடியுமுன் வண்டியேறிய அடம்ஸ் ஆகிய இவர்களெல்லாம் மாசற்ற சான்றோர் அல்லர். ஆயினும் ஒவ்வொருவரும் ஒரு கணம் தம் கட்சியினும் நாட்டைப் பெரிதாக எண்ணினர். ஊர் இரண்டுபடுவதால் அழிவதில்லை. இரண்டுபட்ட ஊரில் இத்தகையோர் இல்லாதுபோனால்தான் அழிகிறது.